மயக்கமருந்து வைத்தியரும் மெடிகேர்க் காப்புறுதியும்

சத்திரசிகிச்சைக்கு ஆயத்தமாகும் நோயாளி, தமக்குச் சிகிச்சை செய்யப்போகும் வைத்தியரைப் பற்றிப் பலரிடமும் விசாரிப்பார். அவருடைய அனுபவம் எத்தகையது, கைராசி எத்தகையது என்றெல்லாம் அறிந்த பின்னரே தம்மை அவரிடம் ஒப்புவிப்பார். ஆனால் அதே அறையில், நோயாளியின் தலைமாட்டில் மற்றொரு வைத்தியரும் நிற்கிறார். நோயாளியை உணர்விழக்கச் செய்து, மூச்சையும் நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் கணந்தோறும் கவனித்து, சிகிச்சை முடிந்ததும் மீண்டும் கண்விழிக்கச் செய்பவர் அவரே. அவர்தாம் மயக்கமருந்து வைத்தியர். அவர் யார் என்பது பெரும்பாலான நோயாளருக்குச் சிகிச்சை நடைபெறும் தினத்தன்றுதான் தெரியவரும்.

இலங்கையின் அரசாங்க வைத்தியசாலைகளில் இதனாற் பணத்தொல்லை எதுவும் விளைவதில்லை. மயக்கமருந்து வைத்தியரும் அரசாங்கத்தின் சம்பளம் பெறுபவரே. ஐக்கிய அமெரிக்காவிலோ நிலைமை வேறு. அங்கே வைத்தியசாலை ஒரு கட்டணப் பட்டியலை அனுப்பும். சத்திர வைத்தியர் இன்னொன்றை அனுப்புவார். மயக்கமருந்து வைத்தியர் மூன்றாவதொன்றை அனுப்புவார். முதலிரண்டையும் எதிர்பார்த்திருந்த முதியவர் மூன்றாவதைக் கண்டு திகைப்பது அந்நாட்டில் வழக்கமாகிவிட்டது.

இவ்வழக்கத்தின் வேரை 1965 ஆம் ஆண்டிற் காணலாம். அவ்வாண்டு யூலை 30 ஆந் திகதி சனாதிபதி லிண்டன் ஜோன்சன் இரு பெருந் திட்டங்களுக்குரிய சட்டத்திற் கையொப்பமிட்டார். அறுபத்தைந்து வயதைக் கடந்தோர்க்கு மெடிகேர், வறியோர்க்கு மெடிகெய்ட். மெடிகேர் இரு பகுதிகளாக அமைக்கப்பட்டது. முதலாம் பகுதி வைத்தியசாலைச் செலவுக்கு உரியது. இரண்டாம் பகுதி வைத்தியர்களின் கட்டணத்துக்கு உரியது. மயக்கமருந்து வைத்தியர் வைத்தியசாலைக்குள்ளேயே பணிபுரிபவர். ஆகையால் அவர் எப்பகுதியைச் சேர்வார் என்ற வினா எழுந்தது. கதிர்ப்பட வைத்தியரையும் நோயியல் வைத்தியரையும் பற்றி இதே வினா எழுந்தது. இவர்களை முதலாம் பகுதியிற் சேர்க்க வேண்டுமென்று செனற்றர் போல் டக்ளஸ் திருத்தமொன்று கொண்டுவந்தார். அமெரிக்க வைத்தியர் சங்கம் அதனை எதிர்த்தது. செனற் சபை ஏற்ற அத்திருத்தம் இரு சபைகளின் கூட்டுக் குழுவிற் கைவிடப்பட்டது. ஆகவே மயக்கமருந்து வைத்தியர் தனித்துக் கட்டணங் கேட்பவராகவே நிலைத்துவிட்டார்.

கட்டணம் கணிக்கப்படும் முறையும் தனியானது. சிகிச்சையின் கடுமைக்கேற்ப அடிப்படை அலகுகள் சில உண்டு. கழியும் ஒவ்வொரு 15 நிமிடத்துக்கும் ஓர் அலகு கூடும். மொத்த அலகுகளை அரசாங்கம் நிர்ணயிக்கும் தொகையாற் பெருக்கினால் மெடிகேர் அங்கீகரிக்கும் கட்டணம் கிடைக்கும். இத்தொகை மிகக் குறைவென்பதே இத்துறை வைத்தியர்களின் நெடுநாள் முறைப்பாடு. 2004 ஆம் ஆண்டின் கணக்குகளை ஆராய்ந்து, அரசாங்கக் கணக்காய்வு அலுவலகம் 2007 இல் வெளியிட்ட அறிக்கை, மயக்கமருந்துச் சேவைக்கு மெடிகேர் வழங்குவது தனியார் காப்புறுதிகள் வழங்குவதிலும் சராசரியாக நூற்றுக்கு 67 குறைவெனக் காட்டியது.

அவ்வாறாயினும், மெடிகேரிலிருந்து முற்றாக விலகிய வைத்தியர் சிலரே. இது தொடர்பில் வைத்தியரை மூவகையினராகப் பிரிக்கலாம். முதல்வகையார் மெடிகேர் அங்கீகரித்த கட்டணத்தையே முழுக் கட்டணமாக எப்போதும் ஏற்போர். இரண்டாம் வகையார் சிகிச்சைக்குச் சிகிச்சை தம் விருப்பம்போல் ஏற்கவோ மறுக்கவோ உரிமையுடையோர். மூன்றாம் வகையார் திட்டத்தினின்றும் விலகியோர். நோயாளியுடன் எழுத்தில் உடன்படிக்கை செய்து, தாம் கருதிய கட்டணத்தைப் பெறுவர். அவசர நிலையிலுள்ள நோயாளியிடம் இத்தகைய கையொப்பம் வாங்குவதைச் சட்டம் தடுக்கிறது.

இவ்வேறுபாட்டின் விளைவை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். ஒரு சேவைக்கு அங்கீகரிக்கப்பட்ட கட்டணம் 400 டொலர் என்று கொள்வோம். நோயாளி அவ்வாண்டில் முதலிற் செலுத்த வேண்டிய தொகையை ஏற்கெனவே செலுத்திவிட்டார் என்றுங் கொள்வோம். முதல்வகை வைத்தியராயின் மெடிகேர் 320 டொலரைக் கொடுக்கும்; நோயாளியின் பங்கு 80 டொலர். இரண்டாம் வகை வைத்தியர் ஏற்க மறுப்பாராயின், அங்கீகரிக்கப்படுந் தொகை நூற்றுக்கு 5 குறைந்து 380 டொலராகும். வைத்தியர் அதன்மேல் நூற்றுக்கு 15 வரை கூட்டி 437 டொலர் கேட்கலாம். மெடிகேர் 304 டொலரைத் தரும். எஞ்சிய 133 டொலர் நோயாளியின் தலையில் விழும். மூன்றாம் வகையாரிடம் மெடிகேர் ஒரு சதமும் தராது.

ஆதலின், “நீங்கள் மெடிகேரை ஏற்பீர்களா?” என்று மாத்திரங் கேட்பது போதாது. இரண்டாம் வகையாரும் “ஆம்” என்றே விடையளிக்கக்கூடும். “மெடிகேர் அங்கீகரித்த கட்டணத்தை முழுக் கட்டணமாக ஏற்பீர்களா?” என்பதே கேட்க வேண்டிய வினா. அதனை யாரிடம் கேட்பது? முதலிற் சத்திர வைத்தியரின் அலுவலகத்தை அணுகி, அவ்வைத்தியசாலையில் மயக்கமருந்து கொடுக்கும் வைத்தியர் குழு எது என்று அறிதல் வேண்டும். பின்னர் அக்குழுவின் கட்டணப் பிரிவைத் தொலைபேசியில் அழைத்து வினவுதல் வேண்டும். விடையளித்தவரின் பெயரையும் திகதியையும் குறித்துக்கொள்வது பின்னர் உதவும். மயக்கமருந்தில் விசேட பயிற்சி பெற்ற தாதியர் பணிபுரிவாராயின், அவர்கள் மெடிகேர் கட்டணத்தை ஏற்பது சட்டப்படி கட்டாயமாகும்.

தனியார் நிறுவனங்கள் நடத்தும் மெடிகேர்த் திட்டங்களிற் சேர்ந்தோர் வேறொன்றையும் கேட்க வேண்டும்: அந்த வைத்தியர் குழு தம் நிறுவனத்துடன் ஒப்பந்தஞ் செய்துள்ளதா என்பதே அது. மெடிகெய்ட் ஒவ்வொரு மாநிலத்திலும் தனித்தனியே நடத்தப்படுவது. வைத்தியசாலை அதனை ஏற்கிறது என்பதால் மயக்கமருந்து வைத்தியரும் ஏற்பார் என்று முடிவுசெய்தலாகாது. ஆனால் ஏற்றவர், திட்டம் கொடுப்பதற்கு மேலாக, விதிக்கப்பட்ட சிறு பங்கைத் தவிர, நோயாளியிடம் எதுவும் கேட்கலாகாது. மேலும், சிகிச்சையே காப்புறுதிக்குட் படாததாயின் மயக்கமருந்தும் படாது. அழகுக்காகச் செய்யப்படும் சத்திரசிகிச்சை இதற்குச் சான்று.

தனியார் காப்புறுதியாளரைப் பொறுத்தவரை, 2022 சனவரி முதலாந் திகதி நடைமுறைக்கு வந்த சட்டம் பெரும் பாதுகாப்பளிக்கிறது. ஒப்பந்தமுள்ள வைத்தியசாலையிற் சிகிச்சை பெற்றவரிடம், ஒப்பந்தமில்லாத மயக்கமருந்து வைத்தியர் எதிர்பாராத மேலதிகக் கட்டணம் அறவிட முடியாது. நோயாளி தெரிந்தெடுக்காத ஒருவருக்காக நோயாளியைத் தண்டித்தலாகாது என்பதே அச்சட்டத்தின் அடிப்படை.

இவ்வளவுக்குப் பின்னரும் ஐயத்துக்குரிய பட்டியல் வருமாயின், உடனே பணஞ் செலுத்துதல் நன்றன்று. மெடிகேர் அனுப்பும் சுருக்க அறிக்கையுடன் அதனை ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். மெடிகேர் மறுத்த தொகையாயின், அம்முடிவு கிடைத்து 120 நாட்களுக்குள் மீளாய்வு கோரலாம். ஒவ்வொரு மாநிலத்திலும் இலவசமாக ஆலோசனை வழங்குவோர் உளர்.

அமெரிக்காவிற் பிள்ளைகளுடன் வாழும் இலங்கை முதியோர் இன்று பலர். அங்கே வைத்தியரிடம் பணத்தைப் பற்றிப் பேசுவது மரியாதைக் குறைவன்று. அது நோயாளியின் உரிமை. சத்திரசிகிச்சை மேசையில் உணர்விழந்து கிடப்பவர் எதனையுங் கேட்க இயலாது. கேட்க வேண்டியதை விழித்திருக்கும்போதே, அவருக்காக அவருடைய மக்களாவது, கேட்டு வைத்தல் வேண்டும்.