பனி வாரிய யந்திரம் படகு தள்ளுகிறது

அமெரிக்காவின் வடகோடியில், கனடா தேசத்தை ஒட்டிக் கிடக்கும் மின்னசோட்டா மாகாணத்தில், பத்து ஏக்கருக்கு மேற்பட்ட பரப்புள்ள ஏரிகளை மட்டும் எண்ணி 11,842 என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். வேனிற்காலத்தில் அலையடித்துக் கிடக்கும் அதே ஏரிகள் குளிர்காலத்தில் மனிதர் நடமாடும் அளவுக்குக் கெட்டியாக உறைந்துவிடுகிற அந்தப் பிரதேசத்தில், பல கிருகஸ்தர்களின் கொட்டகைகளில் இரண்டு சாதனங்கள் அக்கம்பக்கமாகக் குடியிருக்கின்றன: ஒன்று டிரெய்லர்மேல் ஏற்றி வைத்த படகு, மற்றொன்று வாசற்பாதையில் குவியும் பனியை வாரி அப்பால் இறைக்கும் கைப்பிடி யந்திரம். ஒன்று உழைக்கிற காலத்தில் மற்றொன்று உறங்குவதே வழக்கம். உறங்குகிறவனை எழுப்பி மற்றவனுக்குச் சேவகம் செய்ய வைக்கும் ஓர் உபாயத்தை அந்நாட்டு வீட்டுப்பட்டறைக்காரர்கள் வெகுகாலமாகக் கையாண்டு வருகிறார்கள். பார்வைக்கு வேடிக்கையாக இருப்பினும், யந்திர சாஸ்திரத்தின் பால பாடங்கள் அநேகமாக எல்லாம் அதற்குள் அடங்கியிருக்கின்றன.

ஏரிக்கரை வரையில் படகை இழுத்துச் செல்வதற்குக் கார் போதும். வீடு திரும்பிய பின்னர், சுவருக்கும் வேலிக்கும் நடுவேயுள்ள குறுகிய சந்தின் வழியாகப் படகைப் புறக்கடைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் காரியத்திலேதான் கார் கைவிட்டுவிடுகிறது. பின்னோக்கிச் செலுத்துகையில் ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பினால் படகின் பின்புறம் வலப்பக்கம் ஒதுங்கும். கொஞ்சம் அதிகமாகத் திருப்பிவிட்டால் காரும் டிரெய்லரும் மடக்குக்கத்தியைப் போல் ஒடிந்து நிற்கும். ஆகவே, காரைக் கழற்றி நிறுத்திவிட்டு, அண்டை வீட்டாரையும் துணைக்கு அழைத்துக் கையால் தள்ளுவார்கள்.

கையால் தள்ளுவது எவ்வளவு பிரயாசை என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். பதினெட்டு அடி நீளமுள்ள கண்ணாடியிழைப் படகு, அதன் எஞ்சின், டிரெய்லர் யாவும் சேர்ந்து 1500 கிலோ என்று வைத்துக்கொள்வோம். காற்றடைத்த டயர், வழவழப்பான சிமெண்டுத் தரையில் உருள்வதற்குப் பாரத்தில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு விசை வேண்டும். அதாவது சுமார் 22 கிலோ எடைக்கு ஈடான தள்ளல். இதை ஒரு மனிதன் தனியாகவே செய்துவிடக்கூடும். கெட்டியான புல்தரையில் இது நூற்றுக்கு ஐந்து பங்காகி 75 கிலோவை எட்டும். இருபது அடிக்கு ஓர் அடி உயரும் சாய்வு இருந்தால் மேற்கொண்டு ஒரு 75 கிலோ. கொட்டகை வாசலில் இரண்டு விரற்கட்டை உயரத்துக்கு ஒரு படி குறுக்கிட்டால் கதையே வேறு. டயர் சற்றும் நசுங்காத பொருளாயிருக்குமாயின், அச்சிறு படியைத் தாண்டச் சக்கரங்கள் தாங்கும் பாரத்தில் ஏறக்குறைய பாதி விசை தேவைப்படும். டயரின் காற்று அதில் ஒரு பகுதியை விழுங்கிக்கொள்வதனால்தான் அது காரியசாத்தியமாகிறது. அப்படியும், சரிவாக ஒரு பலகையை இட்டு ஏற்றுவதே விவேகம்.

இனி, யந்திரத்துக்கு வருவோம். விஸ்கான்சின் மாகாணத்துப் பிரில்லியன் என்ற சிற்றூரில், 1933-ஆம் ஆண்டில், மண்ணைக் கிளறும் பவர் டில்லர் செய்வதற்கென்று தொடங்கிய ஏரியன்ஸ் என்னும் கம்பெனியார், 1960-இல் பனி இறைக்கும் யந்திரத்தையும் செய்து விற்கலானார்கள். மண்ணில் நடந்து பழகிய சக்கரங்களுக்கும் எஞ்சினுக்கும் பனியில் நடப்பது பெரிய மாறுதலன்று. இவ்வகை யந்திரத்தின் முன்பாதியில் பனியை வாரும் திருகலகும் அதைச் சூழ்ந்த தகரக் கூண்டும் இருக்கும். பின்பாதியில் எஞ்சினும், வேகத்தைக் குறைக்கும் உறுப்புக்களும், ஆழ்ந்த பள்ளங்கள் வெட்டிய டயர்களும், கைப்பிடியும் இருக்கும். சாலைப் பனியை உருக்கத் தூவும் உப்பு, முதலில் முன்பாதியைத்தான் அரிக்கிறது. கூண்டு துருவேறி உதிர்ந்துபோன பிறகும் பின்பாதி திடகாத்திரமாக இருக்கும் யந்திரங்கள் பழைய சாமான் விற்கிற இடங்களில் சல்லிசாகக் கிடைப்பதனால், முன்பாதியைக் கழற்றி எறிந்து, அந்த முகப்பில் ஓர் இரும்புச் சட்டத்தைப் பற்றவைத்து, டிரெய்லரின் ஏர்க்கால் வந்து உட்காரும் குண்டு ஒன்றைத் திருகிவிட்டால், படகு தள்ளும் யந்திரம் தயாராகிவிடுகிறது.

இந்தப் பின்பாதிக்குள் ஒளிந்திருக்கும் ஓர் அமைப்பைப் பற்றிச் சற்று விஸ்தாரமாகவே சொல்ல வேண்டும். ஏனெனில், இவ்வளவு எளிமையும் சாமர்த்தியமும் ஒருங்கே பொருந்திய கருவி, வீட்டுச் சாமான்களில் வேறெதிலும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. எஞ்சினிலிருந்து வரும் பெல்ட், தட்டையான ஓர் உலோகத் தட்டைச் சுழற்றுகிறது. அத்தட்டின் முகத்தில், அதற்குச் செங்குத்தாக நிற்கும் சிறு சக்கரம் ஒன்று தன் ரப்பர் விளிம்பால் உராய்ந்து நிற்கிறது. இது ஆறுபட்டை வெட்டிய ஒரு தண்டின்மேல் இங்குமங்கும் வழுகி நகரக்கூடியது. தட்டின் ஓரத்தில் வேகம் அதிகம். மையத்தை நெருங்க நெருங்க வேகம் குறையும். நட்டநடு மையத்தில் வேகமே இல்லை. ஆகவே, சிறு சக்கரத்தை ஓரத்துக்குத் தள்ளினால் யந்திரம் விரைந்து நடக்கிறது. உள்ளே இழுத்தால் மெதுவாக ஊர்கிறது. மையத்தைக் கடந்து மறுபக்கத்துக்குக் கொண்டுபோனால், எஞ்சின் சுழலும் திசை மாறாமலேயே யந்திரம் பின்னோக்கி நடக்கத் தொடங்கிவிடுகிறது. முன்செல்ல ஒரு பல்சக்கரம், பின்செல்ல ஒரு பல்சக்கரம் என்ற பேச்சுக்கே இடமில்லை. இதே தத்துவத்தில், இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் மிச்சிகன் மாகாணத்தில் கார்ட்டர்கார் என்ற மோட்டார் வண்டியே செய்து ஓட்டினார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 1909-இல் அதை வாங்கி, 1915-இல் தயாரிப்பை நிறுத்திவிட்டது. நெடுஞ்சாலையில் விடைபெற்றுக்கொண்ட ஒரு யுக்தி, வாசற்பாதைப் பனியில் ஆயுளை நீட்டித்துக்கொண்டிருப்பதை எண்ணினால் வியப்பாகத்தான் இருக்கிறது.

ஐந்து குதிரைச் சக்தியுள்ள சிறு எஞ்சின் 1500 கிலோவை எப்படி அசைக்கும் என்று சந்தேகிப்பவர்கள் பலர். புல்தரையில் வேண்டிய 75 கிலோ விசையோடு, விநாடிக்கு அரை மீட்டர் வீதம், ஆமை நடையாய் நடப்பதற்கு அரைக் குதிரைச் சக்தியே போதுமானது. நிமிஷத்துக்கு 3600 முறை சுற்றும் எஞ்சின், பெல்ட்டும் உராய்வுத் தட்டும் சங்கிலியும் கடந்து சக்கரத்தை அடைகையில், இருபத்துநாலு சுற்றுக்களாகக் குறைந்துவிடுகிறது. நூற்றைம்பது பங்கு குறைந்த வேகத்துக்கு ஈடாக, உராய்வின் நஷ்டம் போக, அத்தனை மடங்கு முறுக்கு விசை பெருகுகிறது. காகிதத்தில் கணக்கிட்டால் சக்கரத்தின் விளிம்பில் 700 கிலோவுக்கும் மேற்பட்ட தள்ளல் கிடைக்க வேண்டும். ஆனால் அதைத் தரையிடம் ஒப்படைப்பதற்கு டயருக்குப் பிடிமானம் வேண்டுமல்லவா? சங்கடம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. முன்பாதி கழன்ற யந்திரத்தின் எடை அறுபது கிலோவைச் சுற்றித்தான் இருக்கும். உலர்ந்த சிமெண்டில், எடையில் நூற்றுக்கு அறுபது பங்கு வரையில்தான் டயர் பிடித்துத் தள்ளும். அறுபது கிலோவுக்கு முப்பத்தாறு. புல்தரைக்கு இது பாதிகூட இல்லை.

நம்முடைய வண்டிக்காரர்கள், மூட்டைகளைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தி, மாட்டின் கழுத்தில் நுகத்தடி அளவோடு அழுந்தும்படி பாரத்தைச் சரிசெய்வார்கள். பின்பாரமானால் நுகத்தடி மேலே கிளம்பும், முன்பாரம் மிஞ்சினால் மாடு முழங்காலிடும். படகு டிரெய்லரிலும் மொத்த எடையில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பங்கு வரை ஏர்க்காலின் நுனியில் இறங்குமாறு படகை அமர்த்துகிறார்கள். நம் உதாரணத்தில் அது நூறு கிலோ என்று கொண்டால், அந்த நூறும் யந்திரத்தின் சக்கரங்கள்மேல் வந்து உட்காருகிறது. அறுபது, நூற்றறுபது ஆகிறது. முப்பத்தாறு கிலோவாக இருந்த பிடிமானம் தொண்ணூற்றாறு கிலோவாக உயர்கிறது. தன்னைத் தள்ளுகிறவனுக்குப் படகே கால் ஊன்றும் பலத்தைக் கடனாகக் கொடுக்கிறது. இந்த ஏற்பாட்டின் சூட்சுமம் இவ்வளவே. மழை பெய்து புல் நனைந்துவிட்டாலோ, பிடிமானம் பாதியாகச் சரிய, உருள்வதற்கு வேண்டிய விசையோ ஏறிவிடுகிறது. அப்பொழுது டயருக்குப் பனிச் சங்கிலி மாட்டுவதும், சக்கரத்தில் இரும்பு எடைகளைத் தொங்கவிடுவதும், ஒட்டுப்பலகைகளைத் தரையில் பரப்பி அவற்றின்மேல் நடத்துவதும் அனுபவஸ்தர்கள் கையாளும் பரிகாரங்கள்.

குண்டை எங்கே பொருத்துவது என்ற விஷயத்தில் அசட்டையாயிருப்பவர்கள், முதன்முறை படகை இழுக்கும்போதே தண்டனையை அனுபவிப்பார்கள். குண்டு தரையிலிருந்து நாற்பத்தைந்து சென்டிமீட்டர் உயரத்திலும், கைப்பிடி அச்சிலிருந்து தொண்ணூறு சென்டிமீட்டர் பின்னாலும் இருப்பதாகக் கொள்ளுங்கள். 75 கிலோ விசையோடு இழுக்கையில், அந்த உயரத்தில் படகு எதிர்த்து இழுப்பதனால் யந்திரம் மூக்கைத் தரைக்கு வணங்கக் குனிகிறது. கைப்பிடி 37 கிலோ விசையோடு மேலெழும்புகிறது. குண்டு அச்சுக்கு இருபது சென்டிமீட்டர் முன்னால் இருந்துவிட்டால், ஏர்க்காலின் நூறு கிலோ இதற்கு மேலும் 22 கிலோவைச் சேர்க்கிறது. ஏறக்குறைய அறுபது கிலோ! ஒல்லியான மனிதரானால் கைப்பிடியோடு அவரும் ஆகாயத்தை நோக்க வேண்டியதுதான். தள்ளும்போதோ இவ்விரண்டு விசைகளும் ஒன்றையொன்று எதிர்த்து, பெரும்பகுதி தாமே அடங்கிவிடுகின்றன. குண்டைக் கூடியவரையில் தாழ்வாகவும் அச்சுக்கு நேர்மேலாகவும் வைப்பதே இதற்கு நல்ல மருந்து. சிலர் மூக்கின் அடியில் ஒரு சிறு உருளைச் சக்கரத்தை முட்டுக் கொடுக்கிறார்கள். அது குனிவதைத் தடுக்கும் என்பது மெய்யே ஆயினும், ஓட்டும் சக்கரங்களுக்குரிய பாரத்தில் ஒரு பங்கைத் திருடிக்கொள்ளும் என்பதால், எனக்கு அதில் அவ்வளவு சம்மதமில்லை.

படகைத் திருப்புவது எளிது. அச்சிலிருந்து நெடுந்தூரம் தள்ளி ஏர்க்காலின் நுனியைப் பிடித்துத் திருப்புவதால், இலேசான விசைக்கே படகு வளைந்துகொடுக்கும். யந்திரத்தின் இரண்டு சக்கரங்களும் ஒரே தண்டில் பிணைந்து முரண்டு பிடித்தால், ஒரு சக்கரத்தின் ஆணியைக் கழற்றிவிடலாம். பிடிமானம் அதற்கேற்பக் குறையும்.

கவனிக்க வேண்டியவை இன்னும் இரண்டு உண்டு. பனி யந்திரத்து எஞ்சின்களில் பெரும்பாலும் காற்று வடிகட்டி இராது. உறைகாற்றில் தூசு இல்லை, வடிகட்டி வைத்தால் பனி அடைத்துக்கொள்ளும் என்பதே காரணம். கோடைப் புழுதியில் அப்படியே ஓட்டினால் சிலிண்டர் தேய்ந்துபோகும் ஆகையால், ஒரு வடிகட்டியைப் பொருத்திவிட வேண்டும். இரண்டாவது, பிரேக். பனி வாரும் வேலைக்கு அது அவசியப்படாததால், கிளட்சை விட்டவுடன் ரப்பர்ச் சக்கரம் தட்டிலிருந்து விலகி, எஞ்சினுக்கும் தரைக்கும் உள்ள உறவு அறுந்துவிடும். சரிவில் நிற்கும் 1500 கிலோவைப் பிடித்து நிறுத்த அங்கே ஒன்றுமே இல்லை. வார்ம் கியர் எனப்படும் திருகுப் பல்சக்கரம் பூட்டிய பழைய பவர் டில்லர் கிடைத்தால் அதையே எடுத்துக்கொள்வது நலம். திருகு பல்சக்கரத்தைச் சுழற்றும். திருகின் சாய்வு போதிய அளவு சிறியதாயிருந்தால், பல்சக்கரம் திருகைத் திருப்பிச் சுழற்ற இயலாது. ஆகவே, எஞ்சின் நின்றதும் சக்கரமும் நின்றுவிடும். அது வாய்க்காதவர்கள், சரிவின் கீழ்ப்பக்கத்தில் ஒரு ஆளை நிற்கவிடாமல், டிரெய்லரின் சக்கரத்தடியில் மாறிமாறி முட்டுக்கட்டை வைக்கப் பக்கவாட்டில் ஒருவரை நிறுத்திக்கொண்டு நகர்த்துகிறார்கள்.