ஒரு ஸ்ரீயா, ரெண்டு ஸ்ரீயா?

லைப்ரரி வெர்ஷன் பற்றிய இந்த வார எபிசோடில், "என் சொதப்பலை நியூஸ்லெட்டரில் எழுதுறேன்"னு சொல்லியிருந்தேன். இதோ.

இங்கே எடிசனில் ஒரு தமிழ்ப் பள்ளியோட வருகைப் பதிவு ஆப்பில், பெயர் தேட நான் எழுதின குட்டி பைத்தான் லைப்ரரி ஒண்ணு ஓடுது. பெயரைக் கொடுத்தா ஒரு தேடல் சாவி திருப்பித் தரும், அவ்வளவுதான் அதோட வேலை. ஒரு நாள் அங்கே பாடம் எடுக்கிற அக்கா ஒருத்தங்க மெசேஜ் பண்ணாங்க: "தம்பி, ஸ்ரீன்னு தேடினா பாதிப் பசங்கதான் வர்றாங்க."

கோளாறு யூனிகோடில் இருந்து வருது. 2005-இல் 4.1 பதிப்பு வரும் வரை தமிழ்ப் பகுதியில் ஶ என்ற எழுத்தே கிடையாது. அதனால் ஸ, புள்ளி, ர, ஈகாரக் குறி என்றுதான் ஸ்ரீயை எழுதினார்கள். ஶ வந்த பிறகு அதில் தொடங்குவதே சரியான வடிவம் ஆனது. ஆனா பழைய ஃபைல், பழைய கீபோர்ட் எல்லாம் எங்கேயும் போயிடலையே! பல ஃபான்ட்களில் ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். 'ஸ்ரீ', 'ஶ்ரீ' ரெண்டையும் இங்கிருந்து காப்பி பண்ணி பைத்தானில் ஒப்பிட்டுப் பாருங்க, ஃபால்ஸ்னு வரும். நார்மலைஸ் பண்ணாலும் ஒண்ணாகாது. கொம்பும் காலும் தனித்தனியா அடிச்ச 'கொ'வை என்எஃப்சி சேர்த்துடும், இதைச் சேர்க்காது.

பழைய முறையை அப்படியே தூக்கிடலாமேன்னு தோணும். யூனிகோட் ஒரு தடவை அப்படிச் செஞ்சு பார்த்தது. 1996-இல் 2.0 பதிப்பில் கொரிய அசை எழுத்துகளை வேற இடத்துக்கு மாத்தினாங்க. பழைய எண்களில் சேமிச்ச கொரிய எழுத்தெல்லாம் அர்த்தம் இழந்தது. அதுக்கப்புறம், ஒரு எழுத்துக்கு இடம் கொடுத்துட்டா நகர்த்துவதும் இல்லை, நீக்குவதும் இல்லைன்னு விதி. பெயரைக்கூட மாத்த மாட்டாங்க. அதனாலதான் நம்ம ஃ இன்னிக்கும் அதிகாரபூர்வமா 'தமிழ் சைன் விசர்கா'. ஆய்தம் வேற, விசர்க்கம் வேற. தமிழ் ஆளா எனக்கு எரிச்சல்தான். கோடு எழுதுறவனா பார்த்தா, ஒரு பிழையோடவே வாழ முடிவு பண்ண அந்தக் கட்டுப்பாட்டுக்கு ஒரு சல்யூட்.

என்கிட்ட அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஶ்ரீ வந்தா ஸ்ரீயா மாத்துற மாதிரி ரெண்டே வரி சேர்த்து, பிழைத்திருத்தம்தானேன்னு 1.0.1 ரிலீஸ் பண்ணேன். டெஸ்ட் எல்லாம் பச்சை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்காவோட ஃபோன்: போன வாரம் காணாத பசங்க வந்துட்டாங்க, வந்துட்டிருந்த பசங்களைக் காணோம்! ஆப் பழைய சாவிகளை டேட்டாபேஸில் சேமிச்சு வெச்சிருந்தது. ஶ-வில் தொடங்கின சாவி எதையும் புதுத் தேடல் தொடவே இல்லை. கிளாஸில் உட்கார்ந்திருக்கிற பையன் ஆப்சென்ட்னு அவன் அம்மாவுக்கு மெயில் போயிருக்கு.

ஃபங்ஷனோட பெயர் மாறலை, ஆர்க்யுமென்ட் மாறலை, திருப்பித் தர்ற மதிப்பு மாறிடுச்சு. கூகுளில் வேலை பார்த்த ஹைரம் ரைட் பெயரில் ஒரு விதி உண்டு: பயன்படுத்துறவங்க போதுமான அளவு பெருகிட்டா, வெளியே தெரியிற ஒவ்வொரு நடத்தையையும் யாராவது ஒருத்தர் நம்பியிருப்பாங்க. எனக்கு ஒரே ஒரு பள்ளி போதுமானதா இருந்தது. செமாண்டிக் வெர்ஷனிங் கணக்குப்படி கடைசி எண் பழையதைக் கெடுக்காத திருத்தத்துக்கு மட்டும்தான். நான் கூட்டியிருக்க வேண்டியது முதல் எண்ணை.

அன்னிக்கே 1.0.2-இல் பழைய நடத்தையை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தேன். அப்புறம் 1.1: புது வகைச் சாவி வேணும்னா கேட்டு வாங்கிக்கணும், கேட்காதவங்களுக்குப் பழையதுதான், கூடவே ஒரு எச்சரிக்கை. இங்கே ஒரு பொறி இருக்கு. பைத்தானின் டெப்ரிகேஷன்வார்னிங், நேரா ஓட்டுற மெயின் ஸ்கிரிப்டில் வந்தாத்தான் சாதாரணமா கண்ணுக்குத் தெரியும். லைப்ரரிக்குள்ளே கத்தினா யாருக்கும் கேட்காது. அதனால் ஃப்யூச்சர்வார்னிங் போட்டேன். ஒவ்வொரு சாவிக்கும் முன்னாடி எந்த வகைன்னு ஒரு எண்ணும் சேர்த்தாச்சு. ஆப் தரப்பில் எல்லாப் பெயருக்கும் ஒரே ராத்திரியில் சாவியைப் புதுசாக் கணக்கிட்டு மாத்திக்கிட்டாங்க.

புது வகையே டீஃபால்ட்டா வரும் 2.0 இன்னும் வெளியாகலை. பள்ளிக்குக் கோடை லீவு விட்டதும் விடலாம்னு அக்கா சொல்லியிருக்காங்க.