மூச்சு முட்டியதால் பிறந்த வசனம் தெரியுமா?

நகம் சீவிவிடப் போன பாட்டி, நடிகையாகத் திரும்பி வந்த கதை தெரியுமா உங்களுக்கு? அதுவும் எண்பது வயதில்!

பாட்டியின் பெயர் கிளாரா பெல்லர். 1902-இல் ரஷ்யாவில் பிறந்து, அமெரிக்கா வந்து, சிகாகோவில் ஒரு அழகு நிலையத்தில் 35 வருடம் ஊரார் நகங்களைச் சீவி, மெருகேற்றி, வண்ணம் பூசியவர். முடிதிருத்தும் கடையில் நடப்பதுபோல ஒரு டிவி விளம்பரம் எடுத்தார்கள். அதில் நகம் சீவ ஓர் ஆள் வேண்டும். ‘நடிகையைத் தேடுவானேன், தொழில் தெரிந்தவரையே கூப்பிடு’ என்று இவரைக் கூப்பிட்டார்கள். வந்த பாட்டி வாயைத் திறந்தார். தகரத்தைத் தரையில் தேய்த்த மாதிரி ஒரு குரல்! யாருக்கும் வளைந்து கொடுக்காத பேச்சு! விளம்பர நிறுவனம் விடுமா? நடிகையாகவே ஒப்பந்தம் போட்டுவிட்டது.

இனிதான் அதிசயம். வெண்டிஸ் என்ற பர்கர் கடைக்கு 1984-இல் ஒரு விளம்பரம். போட்டிக் கடை ஒன்றில் மூன்று பாட்டிகள் நிற்கிறார்கள். எதிரே பூசணிக்காய் சைஸில் ஒரு பன். இரண்டு பேர் அதன் பருமனையும் பஞ்சு போன்ற மென்மையையும் மாய்ந்து மாய்ந்து மெச்சுகிறார்கள். மேல்பாதியைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே காலணா அகலத்துக்கு ஒரு துண்டு மாட்டிறைச்சி! மூன்றாவது பாட்டி கிளாரா வெடிக்க வேண்டும்: “எல்லாக் கறியும் எங்கே போச்சு?”

எழுதியவர் கிளிஃப் ஃப்ரீமன். எழுதியது என்னவோ சரிதான், சொல்லத்தான் முடியவில்லை. பாட்டிக்கு எம்ஃபிசீமா என்னும் நுரையீரல் நோய். உள்ளே போன காற்று வெளியே வர மறுக்கிற நோய். நீள வாக்கியம் பேசினால் பாதியில் மூச்சு நின்றுவிடும். ஆகவே ஒரு சொல்லை வெட்டினார்கள். மிஞ்சியது: “வேர்ஸ் த பீஃப்?” கறி எங்கே? அவ்வளவுதான்! எத்தனை எழுத்தாளர்கள் உட்கார்ந்து யோசித்தாலும் இப்படிச் சுருக்கியிருப்பார்களா? நுரையீரல் செய்த எடிட்டிங் ஐயா இது!

காதும் மந்தம். இயக்குநர் ‘ஆக்‌ஷன்’ என்று கத்தினாலும், பக்கத்துப் பாட்டி தன் வசனத்தை முடித்தாலும் இவருக்குச் சரியாகக் கேட்காது. என்ன வழி? காமிரா கண்ணில் படாமல் ஓர் ஆள் இருந்துகொண்டு பாட்டியின் உடையைப் பிடித்து இழுப்பார். இழுத்தால் பேசு! பாட்டி முகத்தில் தெரிகிற அந்தக் கடுகடுப்பில் கொஞ்சம் இந்த இழுப்பினாலும் வந்திருக்குமோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

இயக்குநர் யார் தெரியுமா? ஜோ செடல்மையர். தெருவில் எதிர்ப்படுகிற சாதாரண முகங்களைத் தேடிப் பிடித்து நடிக்க வைப்பவர். 1981-இல் ஃபெடரல் எக்ஸ்பிரஸ் கூரியருக்காக ஜான் மோஷிட்டா என்பவரை மூச்சுவிடாமல் மின்னல் வேகத்தில் பேசவைத்து அமெரிக்காவையே சிரிக்க வைத்தவரும் இவரே. மூச்சே தேவைப்படாதவர் ஒரு படத்தில், மூச்சே கிடைக்காதவர் இன்னொரு படத்தில்!

ஜனவரி 10-ஆம் தேதி விளம்பரம் ஒளிபரப்பானது. மார்ச் 11-ஆம் தேதி? ஜனாதிபதி வேட்பாளர் போட்டிக்கான அட்லாண்டா விவாத மேடை. ‘புதிய கருத்துகள்’ என்று முழங்கிக்கொண்டிருந்த கேரி ஹார்ட்டைப் பார்த்து வால்டர் மாண்டேல், உங்கள் புதிய கருத்துகளைக் கேட்டால் அந்த விளம்பரம்தான் நினைவுக்கு வருகிறது என்று சொல்லி, பாட்டியின் வசனத்தை எடுத்து வீசினார். அரங்கமே சிரித்தது. கட்சி வேட்பாளரும் அவரே ஆனார். (நவம்பரில் ஜனாதிபதி ரீகனிடம் 49 மாநிலங்களில் தோற்றது தனிக் கதை. அதற்குப் பாட்டி பொறுப்பல்ல.)

கூலி எவ்வளவு தெரியுமா? முதல் விளம்பரத்துக்கு நாளொன்றுக்கு 317 டாலர் 40 சென்ட். சங்கம் வகுத்த குறைந்தபட்சச் சம்பளம்! 1985-இல் வெண்டிஸ் விற்பனையோ 31 சதவீதம் எகிறி 94.5 கோடி டாலரைத் தொட்டது. பாட்டியும் பிறகு நன்றாகவே சம்பாதித்தார். ஆனால் அதே 1985-இல், ப்ரீகோ என்ற பாஸ்டா சாஸ் விளம்பரத்தில் தோன்றி, ‘கண்டுபிடித்துவிட்டேன்’ என்று சொல்லிவிட்டார். கறியை வேறு ஒருவர் பாட்டிலில் கண்டுபிடித்தால் பர்கர் கடைக்காரர் சும்மா இருப்பாரா? வேலை போயிற்று.

விளம்பரம் பாட்டிகளை மட்டுமா தேடுகிறது? நம் ஊரில் 1941-இல் லக்ஸ் சோப்பு விளம்பரத்தில் முதல் இந்திய நட்சத்திரமாகத் தோன்றியவர் லீலா சிட்னிஸ். சோப்பு தேடுவது இளமையை. வயதானவரைத் தேடும் விளம்பரமோ அவரது சுருக்கத்தையும் முறைப்பையுமே காசாக்குகிறது. 2010 பிப்ரவரி 7-இல் ஸ்னிக்கர்ஸ் சாக்லேட் செய்ததைப் பாருங்கள்! சேற்றில் கால்பந்து ஆடும் வாலிபர்கள் நடுவே 88 வயது பெட்டி ஒயிட். ஒருவன் பாய்ந்து இடித்துத் தள்ள, கிழவி சேற்றில் பொத்தென்று விழுகிறார்! பசியில் ஒரு வாலிபனின் ஆட்டம் கிழவி ஆட்டமாகிவிட்டதாம். சாக்லேட்டைக் கடித்ததும் அவர் மறுபடி வாலிபனாகிவிடுகிறார். நிஜ பெட்டி ஒயிட்டோ வேறு திசையில் ஓடினார். ஃபேஸ்புக்கில் ரசிகர்கள் கூடிக் குரல் கொடுக்க, மே 8-இல் ‘சாட்டர்டே நைட் லைவ்’ நிகழ்ச்சியைத் தொகுத்து, அதன் மிக மூத்த தொகுப்பாளர் என்று பெயர் வாங்கி, அதற்காகவே எம்மி விருதையும் தட்டிச் சென்றார்.

கிளாரா பாட்டியை விட்ட இடத்துக்கு வருவோம். வேலை போனவர் வீட்டில் முடங்கினாரா? 1986-இல் ‘ரெஸில்மேனியா 2’ மல்யுத்தத் திருவிழா. மல்லர்களும் கால்பந்து வீரர்களுமாக இருபது தடியர்கள் ஒரே மேடையில் முட்டி மோதிய போட்டி. ஜெயித்தவர் ராட்சதர் ஆந்த்ரே. அந்த அமளியில், மேடையோரம் நேரக்காப்பாளராக உட்கார்ந்திருந்தவர் யார் தெரியுமா? காது மந்தமான நம் கிளாரா பாட்டி! இந்த முறை யார் உடையை இழுத்தார்களோ!