கிளாஸைக் காப்பது யார் பொறுப்பு?

2021 அக்டோபர் கடைசியில் எடின்பரோ, நாட்டிங்ஹாம் உள்ளிட்ட பிரிட்டன் பல்கலைக்கழக நகரங்களில் இளம்பெண்கள் ஓரிரவு நைட் கிளப்புகளைப் புறக்கணித்தார்கள். பானத்தில் மயக்க மருந்து கலக்கிறார்கள், ஊசி குத்துகிறார்கள் என்று புகார்கள் குவிந்துகொண்டிருந்த நேரம் அது. ‘கிளாஸை மூடி வை, தனியாகப் போகாதே’ என்ற புத்திமதி அவர்களுக்கு அலுத்துவிட்டது. நுழைவுக் கட்டணம் வாங்குகிற கிளப் எங்களுக்கு என்ன பாதுகாப்புத் தருகிறது என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி.

2016இல் லிங்கன்ஷயரில் ஒரு நல்ல ஏற்பாடு தொடங்கியது. கூட வந்தவன் தொல்லை கொடுத்தால், பார் ஊழியரிடம் போய் “ஏஞ்சலா இருக்காங்களா?” என்று கேட்டால் போதும். அவர் உங்களைத் தனியே அழைத்துப்போய் டாக்சி பிடித்துத் தரவோ, போலீஸைக் கூப்பிடவோ வேண்டும். ஆனால் 2024இல் பிபிசி லண்டனில் ஆள் அனுப்பிச் சோதித்தபோது, பாதிக்கும் மேற்பட்ட இடங்களில் ஊழியர்கள் சரியாக உதவவில்லை. கழிப்பறைக் கதவில் இதைப் பற்றி நோட்டீஸ் ஒட்டிவிட்டு, கவுன்டரில் நிற்பவருக்குப் பயிற்சி தராமல் விடுவது பெண்களை நம்பவைத்துக் கைவிடுவதுதான்.

கொஞ்சமே குடித்த தோழிக்குத் திடீரென நாக்குக் குழறினால், கால் தள்ளாடினால், ‘ஓவராகக் குடித்துவிட்டாள்’ என்று முடிவுகட்டாதீர்கள். அப்படிச் சொல்லி வாசலுக்கு வெளியே விடப்படும் பெண்தான் பெரிய ஆபத்தில் இருக்கிறாள். கூடவே இருங்கள். தெரியாதவரோடு அனுப்பாதீர்கள். நினைவு தப்பினால் உடனே அவசர உதவி எண் 999ஐ அழையுங்கள். மிச்சமிருக்கும் பானத்தைக் கொட்டிவிடாமல் போலீஸிடம் கொடுங்கள். ஜிஹெச்பி என்ற மயக்க மருந்து ஏறக்குறைய 12 மணி நேரத்தில் சிறுநீரிலிருந்தும் மறைந்துவிடும். பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

பாலியல் நோக்கத்தோடு ஒருவருக்குத் தெரியாமல் மயக்கப்பொருள் கொடுத்தால், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2003ஆம் ஆண்டுப் பாலியல் குற்றச் சட்டப்படி 10 ஆண்டு வரை சிறை. அதன்பின் எதுவும் நடக்காவிட்டாலும் அது குற்றம்தான். அவருக்குத் தெரியாமல் கூடுதல் மது ஊற்றிக் கொடுத்திருந்தாலும் இதே பிரிவு பொருந்தும். ஆனால் தெரிந்தே, தானே விரும்பிக் குடித்த மதுவுக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. பாலியல் தாக்குதல் நடந்திருந்தால், ‘சார்க்’ எனப்படும் சிறப்பு மையங்களில் போலீஸில் புகார் கொடுக்காமலே சிகிச்சை பெறலாம்.

கிளப் அலட்சியமாக இருந்தால் அதன் உரிமத்தை மறுஆய்வு செய்யும்படி உள்ளூர் கவுன்சிலில் யாரும் விண்ணப்பிக்கலாம். உரிமத்தில் புதிய நிபந்தனை விதிக்கவும், அதை நிறுத்திவைக்கவும், ரத்து செய்யவும்கூட கவுன்சிலுக்கு அதிகாரம் உண்டு.