கதவுக்கு வெளியே நின்ற சாரணியர்

ஒரு தாபனத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அதனைத் தோற்றுவித்தவரின் பெயரிலிருந்தே தொடங்குவர். முதற் கூட்டம் எங்கே கூடியது, எத்தனை பேர் சேர்ந்தனர், கொடியும் சின்னமும் எப்பொழுது வந்தன என்பன வரிசையாக வரும். அதிற் பிழையில்லை. ஆயினும், அத்தாபனம் உண்மையில் எத்தகையது என்பதை அறிய விரும்புவோர் வேறொரு வினாவையும் எழுப்புதல் வேண்டும். அதன் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டோர் யாவர்? அவர்கள் பின்னர் உள்ளே வந்தது எவ்வாறு? அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள டெனசி மாநிலத்தின் தலைநகராகிய நாஷ்வில்லிலே பெண்கள் சாரணியம் வளர்ந்த கதையை இந்த வினாக்களோடு அணுகினால், அது ஒரு நகரத்தின் கதையாக மட்டும் நின்றுவிடாது.

சவன்னாவில் விழுந்த வித்து

பெண்கள் சாரணியம் அழைப்பின்றி வந்தவர்களால் உண்டான இயக்கம். 1909ஆம் ஆண்டு இலண்டன் பளிங்கு மாளிகைத் திடலிலே சாரணச் சிறுவர்கள் அணிவகுத்த வேளையில், சில சிறுமியர் தாமும் சாரணரே என்று கூறிக்கொண்டு அங்கு வந்து நின்றனர். மறுத்து அனுப்ப இயலாத அந்த ஆர்வத்துக்கு விடையாகவே 1910இல் பெண்களுக்கெனத் தனி இயக்கம் பிறந்தது. அதன் கிளை 1917இல் எமது கண்டி நகரிலும் துளிர்த்தது.

அமெரிக்காவிலே இதனை ஊன்றியவர் ஜூலியட் கோர்டன் லோ என்னும் அம்மையார். செவிப்புலன் பெரிதும் குன்றியிருந்த அவர், 1912ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் தேதி, ஜோர்ஜியா மாநிலத்துச் சவன்னா நகரிலே 18 சிறுமியரைக் கொண்டு முதற் குழுவை அமைத்தார். பெண்கள் காட்டிலே கூடாரம் அடிப்பதும், விண்மீன் பார்த்துத் திசை அறிவதும், காயத்துக்குக் கட்டுப் போடுவதும் அக்காலத்திற் புதுமைகள். இவற்றுக்கெல்லாம் மேலாக ஒரு விதி இருந்தது. சாரணியர் யாவர்க்கும் நண்பர். ஒவ்வொரு சாரணியும் மற்றொரு சாரணிக்குச் சகோதரி.

விதி அழகியது. ஆனால் அது பிறந்த மண்ணோ பிரிவினை மண். இனத்தின்படி மக்களைப் பிரித்து வைத்தாலும் வசதிகள் சமமாக இருந்தாற் போதும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1896இல் தீர்ப்பளித்திருந்தது. புகையிரதப் பெட்டி, பள்ளிக்கூடம், உணவுச்சாலை, நீர் அருந்தும் குழாய் யாவும் தென்மாநிலங்களிலே வெள்ளையருக்கு வேறு, கறுப்பினத்தாருக்கு வேறு. யாரைச் சேர்ப்பது என்பது நடைமுறையில் அந்தந்த ஊர்ச் சபைகளின் கையிலேயே இருந்தது. ஆகவே சகோதரி என்ற சொல்லின் பொருளை ஒவ்வோர் ஊரும் தனக்கேற்பச் சுருக்கிக்கொண்டது.

முந்நூறு சிறுமியர்

ஜோசபின் குறோவ்ஸ் 1898இல் தென்கரோலைனாவிலே ஒரு மெதடிஸ்த போதகரின் மகளாகப் பிறந்தவர். நாஷ்வில்லின் புகழ்பெற்ற கறுப்பினக் கல்விக்கூடமாகிய பிஸ்க் பல்கலைக்கழகத்தில் 1923இல் பட்டம் பெற்று, அந்நகரின் பெத்லகேம் நிலையம் என்னும் சமூகசேவை நிலையத்திலே சிறுமியருக்குப் பொறுப்பாளராக அமர்ந்தார். வறுமையும் அவமதிப்பும் சூழ்ந்த தெருக்களிலிருந்து வந்த அச்சிறுமியருக்கு வெறும் பொழுதுபோக்குப் போதாது எனக் கண்டார். தம்மை மதிக்கவும், ஒரு காரியத்தைப் பொறுப்பேற்று முடிக்கவும் பழக்கும் ஒழுங்கொன்று அவர்களுக்கு வேண்டியிருந்தது. அதனை அவர் சாரணியத்திலே கண்டார். ஜூலியட் லோ அம்மையார் நடத்திய பயிற்சியிலே தாமே பங்குபற்றி, 1924இல் தமது பணியைத் தொடங்கினார். ஆண்டு முடிவதற்குள் ஏறக்குறைய 300 சிறுமியர் திரண்டனர்.

1925இல் அவர், அந்நிலையத்திலேயே சிறுவர்களுக்குப் பொறுப்பாயிருந்த கேணி ஹொலோவேயை மணந்தார். மணமான பெண்ணாற் பணியைச் செவ்வனே ஆற்ற இயலாது என்று நிலையத்தின் தலைமை கருதியது. அவர் விலக நேர்ந்தது. பெண்களைத் தன்னம்பிக்கையுடையோராக வளர்க்கப் புகுந்த பணி, அதனை நடத்திய பெண் மணம் புரிந்தார் என்ற காரணத்தால் நின்றது. அந்த 300 சிறுமியரும் கலைந்தனர்.

செலவு என்னும் சாட்டு

ஹொலோவே அம்மையாருக்குப் பெண்மக்கள் மூவர். அவர்கள் வளரும் காலத்திலே பழைய எண்ணம் மீண்டும் எழுந்தது. 1933இல் கறுப்பினச் சிறுமியருக்கு ஒரு குழு அமைக்க அனுமதி வேண்டி நாஷ்வில் சாரணியர் சபையை அணுகினார். சபை மறுத்தது. கறுப்பினச் சிறுமியருக்கெனத் தனி வசதிகள் அமைப்பதற்கு மிகுந்த செலவாகும் என்பது அது கூறிய காரணம்.

இக்காரணத்தைச் சற்று நின்று நோக்குதல் தகும். உங்களை வெறுக்கிறோம் என்று சபை கூறவில்லை, கணக்கேட்டைக் காட்டியது. ஆனால் அந்தச் செலவு எங்கிருந்து வந்தது? சிறுமியர் ஒரே கூடாரத்தில் உறங்கக்கூடாது, ஒரே குளத்தில் நீந்தக்கூடாது என்று முதலிலே முடிவு செய்தமையால் வந்தது. பிரிவினையைத் தானே வகுத்துவிட்டு, அப்பிரிவினைக்கு ஆகும் செலவைக் காட்டிக் கதவைச் சாத்துவது அநீதிக்குப் பழகிப்போன நிருவாகங்களின் வழமை. அங்கே குற்றவாளி எவருமில்லை. கணக்கு மட்டுமே உண்டு.

அம்மையார் வழக்காடவில்லை; வாளாவிருக்கவுமில்லை. அவருடைய கணவர் சிக்காகோ நகருக்குச் சென்றிருந்தபோது சாரணியர் கைந்நூல்களைப் பெற்றுவந்தார். அந்நூல்களைத் துணையாகக்கொண்டு, எவருடைய அங்கீகாரமும் இன்றி, தம் பிள்ளைகளையும் அயற்சிறுமியரையும் சேர்த்து ஒரு குழுவை நடத்தலானார். விதிகளைக் கற்றனர், பயிற்சிகளைச் செய்தனர். சாரணியர் என்று அழைத்துக்கொள்ளும் உரிமை ஒன்றைத் தவிர, சாரணியருக்குரிய யாவும் அவர்களிடம் இருந்தன.

இருநூறாம் இலக்கம்

ஒன்பது ஆண்டுகள் கழிந்து, 1942இல் சபை இணங்கியது. 200 என்ற இலக்கத்தோடு நாஷ்வில்லின் முதலாவது கறுப்பினச் சாரணியர் குழு பதிவு பெற்றது. அதற்குப்பின் வளர்ச்சி விரைந்தது. சில ஆண்டுகளுள் சபையே ஹொலோவே அம்மையாரைச் சம்பளம் பெறும் அலுவலராக அமர்த்தியது. கறுப்பினக் குழுக்களை அமைப்பதும், தலைவியரைப் பயிற்றுவிப்பதும் அவர் பணியாயின.

ஆயினும் பாசறைக்குச் செல்லும் வழி அடைபட்டே கிடந்தது. பாசறை அனுபவம் இல்லாத சாரணியம் உயிரற்ற உடல் போன்றது. சபையின் பாசறைகளிலே இடமில்லாத சிறுமியருக்காக, நாஷ்வில்லுக்கு வடக்கே மில்லர்ஸ்வில் என்னும் ஊரிலே நிலம் பெறப்பட்டு, 1955இல் ஹொலோவே பாசறை திறக்கப்பட்டது. 1933இல் எந்தத் தனிச் செலவைக் காட்டிச் சபை கதவை அடைத்ததோ, அதே செலவை இருபத்திரண்டு ஆண்டுகளின் பின் அது செய்யவேண்டியதாயிற்று. பள்ளிக்கூடங்களிலே இனப்பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து அப்போது ஓராண்டே ஆகியிருந்தது.

ஒரு வினா

தனிக் குழுவையும் தனிப் பாசறையையும் ஏற்றுக்கொண்டது பிரிவினைக்கு உடன்பட்டதாகாதா என்று இன்றைய வாசகர் கேட்கலாம். நியாயமான வினாவே. பிரிவினை முற்றாக ஒழியும்வரை உள்ளே வரோம் என்று நின்றிருந்தால் அந்நிலை கொள்கையளவில் இன்னும் தூயதாயிருந்திருக்கும். ஆனால் ஒன்றை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். குழந்தைப் பருவம் எவருக்காகவும் காத்திருப்பதில்லை. 1933இல் பத்து வயதாயிருந்த ஒரு சிறுமிக்கு 1955இல் முப்பத்திரண்டு வயது. நீதி வருமளவும் அவளை வாயிலிலே நிறுத்தியிருந்தால், நீதி வந்தபொழுது அவள் சிறுமியாக இருந்திருக்கமாட்டாள். ஆசிரியத் தொழிலில் உள்ளோர் இதனை நன்கு உணர்வர். நாளை வரவிருக்கும் நல்ல பாடசாலைக்காக இன்றைய மாணவனைப் படிக்காதிருக்கச் சொல்ல எவராலும் முடியாது.

அவர் அமைத்த குழுக்கள் வேறொன்றையும் செய்தன. கறுப்பினச் சிறுமியராற் சாரணியத்தின் ஒழுங்கைப் பேண இயலாது என்று இனி எவரும் சொல்ல முடியாதவாறு அவை நிரூபணமாக நின்றன. 1960ஆம் ஆண்டு பெப்ரவரியிலே அதே நாஷ்வில்லில், அதே பிஸ்க் பல்கலைக்கழகத்தையும் அயற் கல்லூரிகளையும் சேர்ந்த மாணவரும் மாணவியரும் வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த உணவு மேசைகளில் அமைதியாகச் சென்று அமர்ந்தனர். அடி விழுந்தபோதும் திருப்பி அடிக்கவில்லை. அவ்வாண்டு மே மாதத்திலே அந்த மேசைகள் யாவர்க்கும் திறந்தன. அவ்வெற்றி அம்மாணவருக்கே உரியது. எனினும் அத்தகைய கட்டுப்பாடு ஓரிரவில் முளைப்பதன்று என்பதும், வீடு, கோயில், பள்ளி, சங்கம் என்னும் பல சிறு களங்களிலே அது முன்பே பயிரிடப்பட்டிருத்தல் வேண்டும் என்பதும் தெளிவு.

ஹொலோவே அம்மையார் 1963இல் ஓய்வு பெற்று, 1988இல் மறைந்தார். அவர் ஓய்வு பெற்றுப் பன்னிரண்டு ஆண்டுகளின் பின், 1975இல், அமெரிக்கப் பெண் சாரணியர் தாபனம் முழுவதற்கும் முதலாவது கறுப்பினத் தலைவியாகக் குளோரியா ஸ்கொட் தெரிவானார். அவரும் டெக்சஸ் மாநிலத்திலே பிரிவினைக் காலத்துக் குழுவொன்றில் வளர்ந்தவரே. தன் வாயிலில் நின்ற பெண்ணைத் திருப்பி அனுப்பிய நாஷ்வில் தாபனம், பிற்காலத்தில் அவர் பெயராலேயே ஒரு வரலாற்றுத் தொகுப்பை அமைத்துக்கொண்டது.

சகோதரி என்ற விதியைச் சவன்னாவிலிருந்து வந்த நூல் எழுதித் தந்தது. அதன் பொருளை நாஷ்வில்லுக்குக் கற்பித்தவர்கள், அந்நூலை வேற்றூரிலிருந்து வருவித்துப் படித்த, கதவுக்கு வெளியே நின்ற சிறுமியரே.