திருச்சபைப் பொறுப்பும் நம்பிக்கை மீட்சியும்

பல்லாண்டுகள் திருச்சபையை விட்டு விலகியிருந்த ஒருவர் மீண்டும் வழிபாட்டுக்கு வரத் தொடங்குகிறார். சில வாரங்களுள் அவரிடம் ஒரு பொறுப்பு ஒப்படைக்கப்படுகிறது. சிறுவர்க்கு ஞாயிறு வகுப்பு நடத்துதல், பதிவேட்டைப் பேணுதல், பாடலுக்கு இசை மீட்டுதல் என அது எதுவாகவும் இருக்கலாம். அவரது நம்பிக்கையோ இன்னும் முழுமையாக மீளவில்லை. இந்நிலையில் அவர் அதனை ஏற்பது தகுமா? நம்பிக்கை முதிர்ந்த பின்னரே பொறுப்பு வரவேண்டுமா, அன்றிப் பொறுப்பே நம்பிக்கை முதிர்வதற்கு வழியாகுமா? தனிமனிதரின் மனச்சான்றைப் பற்றியதாகத் தோன்றும் இவ்வினா, ஒரு சமய நிறுவனம் தன் உறுப்பினரை எவ்வாறு நோக்குகின்றது என்னும் சமூகவியல் வினாவுமாகும்.

கிறிஸ்தவ வரலாற்றின் தொடக்க நூற்றாண்டுகளில் இதற்குக் கடுமையான விடையே அளிக்கப்பட்டது. கி.பி. 250 இல் உரோமப் பேரரசன் டீசியஸ், குடிமக்கள் அனைவரும் அரசின் தெய்வங்களுக்குப் பலியிட வேண்டுமென ஆணை பிறப்பித்தான். அச்சத்தாற் பலியிட்டோரும், பலியிட்டதாகச் சான்றிதழ் பெற்றுக்கொண்டோரும் பலர். துன்புறுத்தல் தணிந்ததும் அவர்கள் திரும்பி வந்தனர். அவர்களை ஏற்பதா என்பதே அக்காலத் திருச்சபையைப் பிளந்த வினாவாயிற்று. கார்த்தேஜ் நகர ஆயர் சிப்பிரியன் நடுவழியொன்றைக் கைக்கொண்டார். தவம் செய்தோர் மீண்டும் ஏற்கப்படலாம். ஆயின் தவறிய குருமார் பொதுநிலையினராகவே ஏற்கப்படுவர், பழைய பதவி அவர்க்கில்லை என்பது அவர் நிலைப்பாடு. 325 இல் கூடிய நைசியப் பொதுச்சங்கமும், தவறியோர் குருத்துவப் பதவிக்கு உயர்த்தப்பட்டிருப்பின் அவர்கள் நீக்கப்பட வேண்டுமென விதித்தது. பதவி என்பது தூய்மைக்குரிய தகைமை என்ற கருத்தே இவற்றின் அடிப்படையாகும்.

எனினும், இதற்கு மாறான ஒரு மரபும் அம்மதத்தின் மூலநூலிலேயே உளது. யோவான் நற்செய்தியின் இறுதி அதிகாரத்தில், மும்முறை மறுதலித்த பேதுருவிடம் மும்முறை வினவப்படுகின்றது. ஒவ்வொரு விடையின் பின்னரும் மந்தையைப் பேணும் பணி அவரிடம் ஒப்படைக்கப்படுகின்றது. இங்கு பொறுப்பு, மீட்சி நிறைவெய்திய பின் வழங்கப்படும் பரிசன்று; மீட்சி நிகழும் முறையே அதுவாகின்றது.

இவ்விரண்டாம் மரபு நிறுவன வடிவம் பெற்றமைக்குத் தெளிவான எடுத்துக்காட்டு, 1830 இல் நியூயோர்க் மாநிலத்தில் யோசேப்பு சிமித்தினால் நிறுவப்பட்ட பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையாகும். மோர்மன் சபை எனப் பரவலாக அறியப்படும் இதில், உள்ளூர் மட்டத்தில் ஊதியம் பெறும் குருமார் இலர். ஆயர்கூடத் தம் வாழ்க்கைத் தொழிலைச் செய்துகொண்டே பணியாற்றுபவர். ஆகவே ஒவ்வொரு சபைத் தொகுதியும் தன் உறுப்பினரின் உழைப்பினாலேயே இயங்குகின்றது. பொறுப்பு 'அழைப்பு' எனப்படும். ஒருவர் அதனைக் கேட்டுப் பெறுவதில்லை. ஆயரோ அவர்தம் ஆலோசகரோ அவரை நேரிற் கண்டு உரையாடி அழைப்பை முன்வைப்பர். அவர் இணங்கினால் சபையார் வலக்கையுயர்த்தி ஆதரவு தெரிவிப்பர். பின்னர் தலைமீது கைவைத்து ஆசியுரை கூறப்படும். சில பொறுப்புகளுக்குத் தகுதி நிபந்தனைகள் உண்டெனினும், எளிய பணிகள் பல புதியோர்க்கும் நெடுங்காலம் வராதிருந்தோர்க்கும் வழங்கப்படுகின்றன. 1997 ஏப்ரல் மாநாட்டில் அச்சபையின் தலைவர் கோர்டன் ஹிங்க்லி, புதிதாகச் சேர்வோர்க்கு ஒரு நண்பர், ஒரு பொறுப்பு, இறைவார்த்தையாகிய ஊட்டம் ஆகிய மூன்றும் தேவையென வற்புறுத்தினார். மீண்டு வருவோரின் நிலையும் இதிலிருந்து பெரிதும் வேறுபட்டதன்று.

பொறுப்பு எவ்வாறு நம்பிக்கையை வளர்க்கின்றது? செமித்தியரின் சமயம் குறித்து 1889 இல் நூல் வெளியிட்ட வில்லியம் றொபேட்சன் சிமித், பண்டைச் சமயங்களிற் சடங்கும் நடைமுறையுமே முதன்மையானவை, கோட்பாடு அவற்றைத் தொடர்ந்தது என வாதிட்டார். திரும்பி வருபவரின் அனுபவமும் இதனையொத்தது. கடைசி வாங்கில் அமர்ந்திருப்பவர் வராவிடின் எவரும் அறியார். பன்னிரண்டு சிறுவர்க்குக் கற்பிப்பவர் வராவிடின் பன்னிருவரும் அறிவர். தேவைப்படுகிறோம் என்னும் உணர்வு, நம்புகிறோமா என்னும் ஐயத்திற்கு முன்பாகவே அவரைச் சமூகத்தோடு பிணைக்கின்றது. பாடத்தைத் தயாரிப்பதற்காக அவர் மறந்த நூலை மீண்டும் திறக்கிறார். பிறர் இல்லங்களுக்குச் செல்கிறார். பிறர் துயரை அறிகிறார்.

ஆயின் முற்போக்குச் சிந்தனையாளர் இவ்விடத்து ஐயமொன்றை எழுப்புவர், அது புறக்கணிக்கத்தக்கதன்று. 1959 இல் லியோன் ஃபெஸ்ரிங்கரும் ஜேம்ஸ் கார்ல்சிமித்தும் நடத்திய சோதனையில், சலிப்பூட்டும் வேலையொன்றைச் செய்த மாணவர்கள் அது சுவையானதெனப் பிறரிடம் கூறுமாறு கேட்கப்பட்டனர். அவ்வாறு கூறுதற்கு 20 டொலர் பெற்றோரைவிட, 1 டொலர் மட்டும் பெற்றோரே அவ்வேலை உண்மையிற் சுவையானதென மதிப்பிட்டனர். செயலுக்குப் போதிய புறக்காரணம் இல்லாதவிடத்து, மனம் தன் கருத்தைச் செயலுக்கேற்ப மாற்றிக்கொள்கின்றது என்பது அவர்தம் விளக்கமாகும். அங்ஙனமாயின், ஊதியமற்ற பணியால் விளையும் நம்பிக்கை மெய்யான மீட்சியா, அன்றித் தன் உழைப்புக்குத் தானே கற்பித்துக்கொண்ட நியாயமா? நிறுவனம் அவரை மீட்கின்றதா, பயன்படுத்திக்கொள்கின்றதா?

இவ்வையத்தைத் தம் வாழ்விலேயே எதிர்கொண்டவர் ஜோன் வெஸ்லி. 1738 மார்ச்சில், தமக்கு உண்மை நம்பிக்கை இல்லையென உணர்ந்த அவர் போதிப்பதை நிறுத்திவிட எண்ணினார். மொறேவியரான பீற்றர் போலரோ, நம்பிக்கை வரும்வரை நம்பிக்கையையே போதிக்குமாறும், வந்தபின் அது வந்தமையாற் போதிக்குமாறும் அறிவுறுத்தினார். அவ்வாண்டு மே 24 ஆம் நாள் இலண்டன் ஓல்டர்ஸ்கேற் வீதிக் கூட்டத்தில் தம் உள்ளம் மாறியதாக வெஸ்லி பதிந்துள்ளார். போலர் அவ்வறிவுரையைக் கூறியது வெஸ்லி தம் வெறுமையை வெளிப்படையாகச் சொல்லிய பின்னரே என்பது ஈண்டு மனங்கொளத்தக்கது.

போலிமைக்கும் மீட்சிக்கும் இடையிலான எல்லைக்கோடு இங்குதான் அமைகின்றது. தம் ஐயத்தை மறைத்துப் பொறுப்பேற்பவர் நாளடைவில் ஒரு வேடத்தைச் சுமக்கிறார். "நான் இன்னும் முழுமையாக நம்பவில்லை, இப்பணியைச் செய்ய விரும்புகிறேன்" எனச் சொல்லி ஏற்பவர் எவரையும் ஏமாற்றவில்லை. இதற்கு நிறுவனமும் மூன்று நெறிகளைக் கைக்கொள்ளல் வேண்டும். ஐயத்தைச் சொல்வோர்க்குச் செவிசாய்த்தல் முதலாவது. மறுப்பதற்குரிய உரிமையை மெய்யாகவே வழங்கி, மறுத்தமையை விசுவாசக் குறைவாகக் கணியாமை இரண்டாவது. அவரது குடும்பத்தையும் தொழிலையும் கருதி, தாங்கத்தக்க அளவான பணியையே அளித்தல் மூன்றாவது. இவை இல்லாதவிடத்து அழைப்பு வெறும் ஆட்சேர்ப்பாகிவிடும்.

சிப்பிரியனின் காலத்துத் திருச்சபை, திரும்பி வந்தவரிடம் கடந்த காலத்துக்குக் கணக்குக் கேட்டது. இன்றைய சபை அவரிடம் ஒரு திறப்பையோ பதிவேட்டையோ கையளிக்கின்றது. அவரது ஐயத்தையும் கேட்டறிந்தபின் அதனைக் கையளிக்குமாயின், அவர் அதனை ஏற்பதில் நாணுதற்கு எதுவுமில்லை.