கடற்கன்னி வாலும் தோட்டத்து ஆறும்: சிறுவர் நீர்ப்பாதுகாப்புச் செய்திகளை வாசிக்கும் முறை

முன்னுரை

சிறுவர் இடுப்பிலிருந்து பாதம்வரை அணிந்துகொண்டு நீந்தும் வகையில் தைக்கப்பட்ட 'கடற்கன்னி வால்' இன்று உலகச் சந்தையில் எளிதாகக் கிடைக்கும் பொருளாகிவிட்டது. அதனை ஒட்டி நாளிதழ்களிலும் தொலைக்காட்சியிலும் புலனம் வழியாகவும் இருவகைச் செய்திகள் பரவுகின்றன. ஒன்று அதன் அழகை வியப்பது. மற்றொன்று அதன் ஆபத்தை எச்சரிப்பது. இவ்வகைச் செய்திகள் பாதுகாப்பை எவ்வாறு எடுத்துரைக்கின்றன, அவற்றிலிருந்து மலாக்கா மாநிலத் தோட்டப்புறத் தமிழ்ச் சிறுவர்க்கும் நகர்ப்புறத் தமிழ்ச் சிறுவர்க்கும் பயன்படக்கூடியது யாது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கடற்கன்னி வாலைக் கண்ணால் காணாத சிறுவரும் நம் பள்ளிகளில் உள்ளனர். ஆயினும் அந்த வாலைப் பற்றிய நல்ல செய்தி ஒன்று, அவர்கள் நாள்தோறும் காணும் ஆற்றையும் குட்டையையும் பற்றிய அறிவைத் தரவல்லது என்பது நம் கருத்து.

கற்பனையும் சந்தையும்

பெண்ணுடலும் மீன்வாலும் கூடிய உருவம் நம் வட்டாரத்திற்குப் புதியதன்று. தாய்லாந்தின் இராமகியென் காப்பியத்தில் அனுமனைச் சந்திக்கும் சுவண்ணமச்சா என்னும் பொன்மீன் மங்கையை இராமாயண ஆய்வாளர் அறிவர். மலாக்கா நகரை அடுத்து, ஹங் துவா கிணறு அமைந்துள்ள ஊரின் பெயர் டூயோங். மலாய்மொழியில் அச்சொல் கடற்பசுவைக் குறிக்கும். 'புத்ரி டூயோங்' என்றால் கடற்கன்னி. பாக்கு நீரிணைப் பகுதித் தமிழ் மீனவர் ஆவுளியா என்றழைக்கும் உயிரினமும் இக்கடற்பசுவே.

கதையில் வாழ்ந்த இவ்வுருவம் உடையாக மாறியதற்கும் ஒரு வரலாறு உண்டு. ஆஸ்திரேலிய நீச்சல் வீராங்கனை அனெட் கெல்லர்மேன் 1911இல் வெளிவந்த படமொன்றில் கடற்கன்னியாகத் தோன்றினார். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்து வீக்கி வாச்சி ஊற்றில் 1947 முதல் கடற்கன்னிக் காட்சி நடைபெற்று வருகிறது. அங்கு நடிப்போர் பயிற்சி பெற்ற பெரியவர்கள். குழாய் வழியே காற்றைப் பெற்று நீருக்கடியில் தங்குபவர்கள். 1837இல் ஆண்டர்சன் எழுதிய கதை 1989இல் டிஸ்னி நிறுவனத்தின் அசைபடமாகி உலகச் சிறுவரிடம் சென்று சேர்ந்தது. 2006 முதல் 2010 வரை வெளிவந்த 'எச்டூஓ: ஜஸ்ட் ஆட் வாட்டர்' என்னும் ஆஸ்திரேலியத் தொடர், பள்ளி வயதுப் பெண்களையே கடற்கன்னியராகக் காட்டியது. இவ்வாறு, தேர்ந்தோர் செய்துவந்த ஒன்று நீச்சல் முழுமையாக வராத சிறுவரின் ஆசையாயிற்று. செய்தி ஆய்வில் இம்மாற்றத்தை நாம் மறத்தலாகாது.

ஆபத்து எவ்வாறு செயல்படுகிறது?

எச்சரிக்கைச் செய்தி ஒன்றின் தரத்தை அறிய, அது 'ஆபத்து' என்று சொல்வதோடு நிற்கிறதா, ஆபத்து நிகழும் வழியை விளக்குகிறதா என்று பார்த்தல் வேண்டும். கடற்கன்னி வாலில் இரு கால்களும் ஒரே உறைக்குள் அடங்குகின்றன. பாதங்கள் இரண்டும் அகன்ற ஒற்றைத் துடுப்பில் பொருத்தப்படுகின்றன. இதனால் மூன்று செயல்கள் தடைப்படுகின்றன.

முதலாவது, நிற்றல். குப்புற மிதக்கும் குழந்தை எழுந்து நிற்க விரும்பினால், முழங்கால்களை மார்பை நோக்கி மடக்கிக் கைகளால் நீரைக் கீழே அழுத்திப் பாதங்களைத் தரையில் ஊன்றுகிறது. வால் அணிந்த குழந்தை கால்களை மடக்க முயலும்போது அகன்ற துடுப்பு நீரில் தடைபட்டு எதிர்க்கிறது. இடுப்பளவு நீரிலும் நிற்க முடியாமற்போவது இதனால்தான். இரண்டாவது, நின்ற நிலையில் மிதத்தல். கால்களை மாற்றி மாற்றி மிதித்துத் தலையை நீருக்கு மேலே வைத்திருக்கும் திறனே ஆழநீரில் உயிர்காப்பது. கட்டுண்ட கால்களால் அவ்வாறு மிதிக்க இயலாது. மூன்றாவது, கரையேறுதல். படியிலோ ஏணியிலோ ஒரு காலை முன்வைத்து ஏறவும் முடியாது. உறையை நீருக்குள்ளேயே கழற்றுவதும் பதற்றத்தில் உள்ள குழந்தைக்கு எளிதன்று.

இவற்றோடு மூச்சடக்கும் பழக்கமும் சேர்கிறது. கடற்கன்னியாக விளையாடும் குழந்தை நீருக்கடியிலேயே இருக்க விரும்பும். மூழ்குவதற்கு முன் பலமுறை வேகமாக மூச்சிழுத்து விட்டால் குருதியில் கரியமிலவாயு குறையும். மூச்சுவிடத் தூண்டும் உணர்வு அதனால் தாமதப்படும். அவ்வுணர்வு எழும் முன்பே உயிர்வளி குறைந்து நினைவு தப்பலாம். நன்றாக நீந்துவோர்க்கும் இது நேரும்.

மூழ்குபவர் கைகளை ஆட்டிக் கூவுவார் என்னும் எண்ணமும் தவறானது. அமெரிக்க உயிர்காப்பாளர் பிரான்செஸ்கோ பியா விளக்கியபடி, மூழ்குபவரின் வாய் மூச்சுக்காகவே போராடும், கைகள் நீரைப் பக்கவாட்டில் அழுத்தும், குரல் எழாது. நீர்ப்பரப்பில் இப்போராட்டம் 20 முதல் 60 வினாடிகள்வரையே நீடிக்கும். கரையில் இருக்கும் பெற்றோர்க்கு அது விளையாட்டுப் போலவே தோன்றலாம்.

அளவீடும் தடையும்: செய்தியில் சுருங்கும்போது

2015இல் கனடாவின் எட்மண்டன் நகராட்சி தன் பொது நீச்சல் குளங்களில் கடற்கன்னி வாலைத் தடைசெய்தது. மேற்கு ஆஸ்திரேலிய அரச உயிர்காப்புக் கழகத்திற்காக எடித் கோவன் பல்கலைக்கழகத்தினர் ஆய்வொன்று நடத்தினர். ஒற்றைத் துடுப்பையோ வாலையோ அணிந்தபோது சிறுவரின் நீந்தும் திறன் 60 முதல் 70 விழுக்காடுவரை குறைந்ததாக அவ்வாய்வு கண்டது. இவ்விரு தகவல்களும் பலமுறை எடுத்தாளப்பட்டவை.

இவை தலைப்புச் செய்தியாகச் சுருங்கும்போது பொருள் மாறும் வாய்ப்புண்டு. 'கனடாவில் தடை' என்று மட்டும் எழுதினால், ஒரு நகரின் பொதுக் குளங்களுக்குரிய விதி ஒரு நாட்டின் விற்பனைத் தடையாகிவிடும். '70 விழுக்காடு ஆபத்து' என்று எழுதினால், நீந்தும் திறனின் அளவீடு இறப்பின் அளவீடாகத் திரியும். ஆய்வு சொன்னது, வாலில்லாமல் நீந்துவதோடு ஒப்பிட்ட திறன் இழப்பையே. வால் அணிந்த சிறுவருள் எத்தனை பேர் இறப்பர் என்று அது கூறவில்லை. மிகைப்படுத்துவதால் எச்சரிக்கை வலுப்பெறும் என்று சிலர் கருதலாம். மிகையை ஒருமுறை கண்டுகொண்ட வாசகர் அடுத்த எச்சரிக்கையையும் நம்பமாட்டார் என்பதே உண்மை.

வேறொரு வினாவும் செய்திகளில் விடுபட்டுப்போகிறது. இப்பொருள் பொம்மையா, நீச்சல் கருவியா? ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009ஆம் ஆண்டுப் பொம்மைப் பாதுகாப்பு நெறிமுறை, ஆழநீரில் பயன்படுத்தும் கருவிகளைப் பொம்மைகளின் பட்டியலிலிருந்து விலக்கியது. மலேசியாவில் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், பொம்மைகளுக்கான பாதுகாப்புத் தர விதிகள் 2009இல் இயற்றப்பட்டன. பொம்மைக்குரிய சோதனைகள் கூர்முனை, நச்சுச்சாயம், விழுங்கத்தக்க சிறுபகுதி போன்றவற்றையே பெரிதும் நோக்குவன. பொருளின் மீதுள்ள தரமுத்திரை, அதனை அணிந்த குழந்தை ஆழநீரில் மூழ்காது என்பதற்குச் சான்றாகாது. இவ்வேறுபாட்டைப் பெற்றோர்க்கு எடுத்துரைப்பது செய்தியாளரின் கடமையாகும்.

செய்தியின் மூன்று வடிவங்கள்

சிறுவரையும் நீரையும் பற்றிய செய்திகளை நாம் மூவகையாகப் பகுக்கலாம். முதல்வகை வியப்புச் செய்தி. விடுமுறைக் காலத்துப் படங்களோடு வரும் இதில் பாதுகாப்பு கடைசி வரியில் இடம்பெறும், அல்லது இடம்பெறாது. இரண்டாம் வகை எச்சரிக்கைச் செய்தி. இதில் பொருளின் பெயரும் தடையும் இருக்கும். ஆபத்தின் வழிமுறை பெரும்பாலும் இராது. மூன்றாம் வகை விபத்துச் செய்தி. நண்பர்களோடு குளிக்கச் சென்றது, தீயணைப்பு மீட்புப் படையினர் தேடியது, உடல் மீட்கப்பட்டது, சவப்பரிசோதனைக்கு அனுப்பப்பட்டது என்னும் வரிசை மாறாமல் அமையும்.

1924இல் தோன்றி 2019இல் நின்றுபோன தமிழ் நேசன் முதலாக நம் நாட்டுத் தமிழ் நாளிதழ்களை வாசித்து வளர்ந்தோர்க்கு மூன்றாம் வகை மிகவும் பழக்கமானது. துயரத்தை ஊரறியச் செய்வதும் குடும்பத்தார்க்கு ஆறுதல் கூறுவதும் அவ்வடிவின் பணிகள். அவற்றை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும் அச்செய்தி உயிர்ப்பலியோடு முடிந்துவிடுகிறது. நீரின் ஆழம் திடீரென மாறியதா, உடன் சென்றவர் என்ன செய்தனர், எறிவதற்குக் கயிறு இருந்ததா என்னும் வினாக்கள் எழாமையால், 'விதி' என்ற சொல்லே விளக்கமாக நின்றுவிடுகிறது. விதியென்று முடிந்த செய்தியிலிருந்து அடுத்த குழந்தை எதையும் கற்க வழியில்லை.

மலாக்காவின் நீரும் நம் சிறுவரும்

மலாக்கா மாநிலத்தில் 21 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றுட் பல தோட்டங்களில் தோன்றியவை. இரப்பர் செம்பனையாக மாறியதும், தோட்ட மக்கள் ஜாசின், அலோர் காஜா, மலாக்கா நகர்ப் பகுதிகளின் அடுக்குமாடிகளுக்கும் வீடமைப்புகளுக்கும் குடிபெயர்ந்ததும் நாம் அறிந்த வரலாறு. இப்பெயர்ச்சியால் சிறுவரும் நீரும் உறவாடும் முறையும் மாறியது. தோட்டத்தில் ஆறும் குட்டையும் லயத்தை ஒட்டியிருந்தன. எந்த இடத்தில் சுழல், எந்த மழைக்குப் பின் இறங்கக்கூடாது என்பதைப் பெரியவர் அறிந்திருந்தனர். நகரத்துச் சிறுவர்க்கு நீர் என்பது விடுமுறைநாள் அனுபவம். தஞ்சோங் பிடாரா, பெங்காலான் பாலாக் கடற்கரைகளும், விடுதி நீச்சல் குளமும், நீர்க்கேளிக்கைப் பூங்காவுமே அவர்களின் நீர்நிலைகள். கடற்கன்னி வால் இவர்களிடம்தான் முதலில் வந்து சேரும். தோட்டத்தில் எஞ்சியிருப்போர்க்கோ ஆறு அப்படியே இருக்கிறது. அதனை அறிந்த பெரியவர்தாம் குறைந்துவிட்டனர்.

இவ்விரு சாராரையும் இணைக்கும் செய்தி ஒன்றுண்டு. கால் கட்டப்பட்டால் நீந்தத் தெரிந்த குழந்தையும் நீந்தத் தெரியாத குழந்தையாகிவிடும். நம் பெண்பிள்ளைகள் ஆற்றிலும் கடலிலும் பாவாடையோடும் கைலியோடும் இறங்குவது வழக்கம். நனைந்த நீண்ட துணி இரு கால்களையும் சுற்றிக்கொள்ளும்போது விளைவது கடற்கன்னி வாலின் விளைவையே ஒத்தது. விலையுயர்ந்த பொருள் ஒன்றைப் பற்றிய வெளிநாட்டுச் செய்தியை, வழிமுறை அறிந்து வாசித்தால், அது தோட்டத்துப் பெண்பிள்ளையின் பாவாடையைப் பற்றிய செய்தியாகவும் ஆகும். உடலோடு பொருந்திய, முழங்காலைக் கட்டாத நீச்சலுடை அடக்கத்திற்கு மாறானதன்று என்பதைத் தாய்மார்க்கு எடுத்துரைக்க இதைவிட நல்ல வாய்ப்பு அமையாது.

உலகச் சுகாதார நிறுவனம் 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையின்படி, 2021இல் உலகில் ஏறத்தாழ 3,00,000 பேர் நீரில் மூழ்கி இறந்தனர். அவர்களுள் ஏறத்தாழ நான்கில் ஒருவர் 5 வயதுக்குட்பட்ட குழந்தை. நீர்நிலைகளுக்குத் தடுப்பு அமைத்தல், பள்ளி வயதுச் சிறுவர்க்கு நீச்சலும் பாதுகாப்பான மீட்புமுறையும் கற்பித்தல், அருகிலிருப்போர்க்கு முதலுதவிப் பயிற்சி அளித்தல் ஆகியன அந்நிறுவனம் பரிந்துரைக்கும் வழிகளுட் சில. ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவை 2021இல் நிறைவேற்றிய தீர்மானத்தின்படி ஜூலை 25 உலக நீர்மூழ்கல் தடுப்பு நாளாகும்.

வகுப்பறையில் செய்தி வாசிப்பு

தமிழாசிரியர் நீச்சல் பயிற்றுநர் ஆகவேண்டியதில்லை. செய்தியை வாசிக்கப் பழக்குவது அவர் பணியே. நீரைப் பற்றிய எந்தச் செய்தியாயினும் மாணவர் ஐந்து வினாக்களை எழுப்பலாம். ஆபத்து எவ்வழியில் நிகழ்ந்தது? எண் கூறப்பட்டிருப்பின் அது எதனை அளந்தது? தடை கூறப்பட்டிருப்பின் அது எவ்விடத்திற்கு உரியது? உடனிருந்தவர் செய்யக்கூடியது என்ன? செய்யக்கூடாதது என்ன?

இறுதி இரண்டு வினாக்களுக்குரிய விடையை எல்லாச் சிறுவரும் அறிதல் வேண்டும். மூழ்குபவரைக் காக்க நீரில் குதித்தலாகாது. நண்பனைக் காக்கச் சென்ற நண்பனும் மூழ்குவது இவ்வகை விபத்தின் பெருந்துயரம். கரையில் நின்றவாறே கழி நீட்டலாம். கயிறோ, மூடிய வெற்று நெகிழிக் கலனோ எறியலாம். உரக்கக் கூவிப் பெரியவரை அழைத்து 999 எண்ணுக்குத் தொடர்பு கொள்ளலாம். இவ்வளவையும் நான்கு வரிகளில் எழுதிவிடலாம். மாணவர் ஒரு விபத்துச் செய்தியை எடுத்துக்கொண்டு, இந்நான்கு வரிகளை இறுதியில் சேர்த்துத் திருத்தி எழுதுவது சிறந்த கட்டுரைப் பயிற்சியாகும்.

முடிவுரை

கடற்கன்னி வாலை முற்றிலும் வெறுத்தொதுக்க நாம் கூறவில்லை. நன்கு நீந்தவும், வாலைத் தானே கழற்றவும் கற்ற குழந்தை, கையெட்டும் தூரத்தில் பெரியவர் இருக்க, ஆழமற்ற குளத்தில் அதனை அணிந்து மகிழ்வதைத் தடுக்க வேண்டியதில்லை. அதனைப் பற்றி எழுதுவோர் வியப்பையோ அச்சத்தையோ மட்டும் விற்காமல், கால் கட்டுண்டால் நேர்வதை விளக்க வேண்டும் என்பதே நம் வேண்டுகோள். அவ்வாறு விளக்கப்பட்ட ஒரு செய்தியை அலோர் காஜாவில் ஓர் ஆசிரியர் வகுப்பில் வாசித்துக் காட்டினால், அன்று மாலை ஆற்றுக்குச் செல்லும் சிறுமி கைலியைக் கரையில் வைத்துவிட்டு இறங்கக்கூடும். செய்தியின் பயனை அளக்க அதுவே போதுமான அளவுகோல்.